கடைசியாகப் பேசும் அக்கா

அன்பிற்குரிய சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அக்கா நம்மைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரின் முதல் கட்டுரையை யார் எழுதுவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது எல்லோரும் அண்ணன் முகத்தைத்தான் பார்த்தார்கள். அண்ணன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எந்த இடத்தில் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்று தெரிந்தவர். நானோ அருமனைச் சந்தியில் பெயிண்டும் ஆணியும் விற்கிறவன். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதியதோடு சரி, அதுவும் அண்ணன் சொல்லச் சொல்ல எழுதியது. ஆனால் அண்ணன் பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"நீதான எளையவன்? அவ வச்ச சட்டம்லா. நீ முதல்ல சொல்லு, நான் பொறவு சொல்லுதேன்."

அந்தச் சட்டம் அக்காவோடு வேலை பார்த்த நர்சுகளுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பெண் எடுத்தவர்களுக்கும் நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்காக, அது எப்படி வந்தது என்பதிலிருந்து அக்காவின் வாழ்க்கையைச் சொல்லிப் பார்க்கிறேன்.

அக்கா அருமனையில், எங்கள் பெற்றோருக்கு இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தார். அப்பாவுக்குச் சிறிய ரப்பர் விளை ஒன்று இருந்தது. வெயில் காலத்தில் அந்த மரங்களில் பால் வெட்டு நடக்கும், வீட்டில் மீன் மணக்கும். மழை பிடித்துக்கொண்டால் வெட்டு நின்றுவிடும், காலையும் மாலையும் மரச்சீனிக்கிழங்குதான். கிழங்கைப் பங்கு வைப்பது அக்காவின் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பு இல்லை, அவரே எடுத்துக்கொண்டது. சின்ன வயதில் அக்கா வேறு யாரையும் பேசவிட்டதாக எனக்கு ஞாபகமில்லை. ஒரு விஷயம் வந்தால் முதலிலும் அவரே பேசுவார், நடுவிலும் அவரே பேசுவார், முடித்தும் வைப்பார். நானும் அண்ணனும் தலையாட்டுவோம். ஞாயிறு பள்ளியில் பாட்டு தொடங்குகிறவரும் அவரே, மற்றவர்கள் பிசகினால் நிறுத்தி முதலிலிருந்து பாட வைக்கிறவரும் அவரே. பிற்காலத்தில் அக்காவின் பொறுமையைப் புகழ்ந்து பலர் பேசக் கேட்டிருக்கிறேன். அந்தப் பொறுமை அவரோடு பிறந்ததல்ல என்பதற்கு அண்ணனும் நானும் சாட்சி.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நர்சிங் படிக்கப் போவேன் என்றார். அப்போது வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று அப்பா திகைத்தார். "எனக்குப் படிக்கணும், அவியளுக்கு அவசரம்னா வேற இடம் பாக்கட்டும்" என்று அக்காவே பதில் சொல்லிவிட்டார். அந்தச் சம்பந்தம் போயிற்று. நாகர்கோவிலில் படித்தார், ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், பிறகு மஸ்கட்டுக்குப் போனார். அங்கே தலைமை நர்சாக இருந்த பெண்மணிக்குத் தனி அறையும், கதவில் பெயர்ப்பலகையும் இருந்தன. டாக்டர்களும் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அந்தப் பலகையைப் பற்றி அக்கா எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து கொண்டுவந்த போர்வைகளைப் பற்றிக்கூட அவ்வளவு சொன்னதில்லை.

அத்தான் மணவாளக்குறிச்சிக்காரர். கடற்கரை ஊர் மாப்பிள்ளை வந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு நல்ல மீன் வந்தது. மனைவி வேலைக்குப் போவதில் பெருமைப்படுகிற மனிதர். மகள் ஜெனி பிறந்து பள்ளிக்கூடம் போகும் வயது வந்ததும் அக்கா ஊருக்குத் திரும்பி, மார்த்தாண்டத்துப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் பிரசவ வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் ஆனார். அந்த வார்டில்தான் சேலை விவகாரம் நடந்தது.

நம் ஊரில் பெண்கள் நாலு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்தால் ஒரே நிறத்தில் சேலை எடுத்தாக வேண்டும். கல்யாண வீடு, சபை விழா, பாடகர் குழு எதுவானாலும் சரி. அந்த ஆண்டு ஆஸ்பத்திரி கிறிஸ்துமஸ் விழாவில் பிரசவ வார்டு நர்சுகள் பாட்டுப் பாடுவதாக ஏற்பாடு. அக்காவும் அவரைவிட வயதில் மூத்தவரான லில்லி சிஸ்டரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் மேலே கிடந்த ஒரு சேலையை விரித்துப்போட்டார். லில்லி சிஸ்டர் அதைத் தொட்டுப் பார்த்தார். லில்லி சிஸ்டருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து அக்கா, "நல்லா இருக்குல்லா" என்றார். அக்காவுக்கே பிடித்துவிட்டது என்று நினைத்து லில்லி சிஸ்டர், "எடுப்பா இருக்கு" என்றார். வார்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, பெரியவர்கள் இரண்டு பேரும் சொன்ன பிறகு என்ன இருக்கிறது என்று எல்லோரும் "ஆட்டும் சிஸ்டர், அருமையா இருக்கு" என்றார்கள்.

அதன் நிறம் புகைபோட்ட ரப்பர் ஷீட்டின் கருத்த பழுப்பு. நான் மிகைப்படுத்தவில்லை. விழா மேடையில் அவர்கள் வரிசையாக நின்றபோது எனக்கு ரப்பர் ஷீட் உலர்த்தும் எங்கள் புகைப்புரைதான் நினைவுக்கு வந்தது, வரிசையாக ஷீட் தொங்கவிட்டதுபோல. பாட்டு முடிந்து கீழே வந்தவர்களிடம் ஒரு நோயாளியின் அம்மா, "யாராவது தவறிட்டாவளா மக்ளே?" என்று விசாரித்தார். அதற்குப் பிறகுதான் உண்மை வெளியே வந்தது. ஒருவருக்கும் அந்தச் சேலை பிடிக்கவில்லை. அக்காவுக்கும் பிடிக்கவில்லை, லில்லி சிஸ்டருக்கும் பிடிக்கவில்லை.

அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த நர்ஸ் புஷ்பம். கீரிப்பாறையில் ரப்பர் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பெண், தோட்டத்து பஸ்ஸைப் பிடித்து மாறி மாறி வேலைக்கு வருகிறவர். வந்த நாள் முதல் "சரி சிஸ்டர்" என்பதற்கு மேல் வாய் திறந்ததில்லை. அன்று மெதுவாக, "நான் அப்பமே நினைச்சேன் சிஸ்டர்" என்றார்.

"நினைச்சா சொல்லாண்டாமா ஏட்டி?"

"என்னய யாரு கேட்டா?"

அக்கா அன்று வீட்டுக்கு வந்து அத்தானிடமும் என்னிடமும் இதைச் சொல்லி வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "சேலை போனா போவட்டும். ஒரு கொழந்தைக்கு மூச்சு சரியில்லன்னு அவளுக்குத் தோணி, நாங்க மூத்தவிய சரின்னு சொல்லிட்டோம்னு அவ சும்மா நின்னா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை வார்டில் சட்டம் வந்தது. ஷிப்ட் மாறும்போது நடக்கும் பேச்சில் வேலைக்குப் புதியவர் முதலில் பேச வேண்டும், அவருக்கு அடுத்தவர் அடுத்து, பொறுப்பு சிஸ்டர் கடைசியில். முன்னால் பேசியவர் சொன்னதையே திருப்பிச் சொல்லக்கூடாது. "எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றும் சொல்லக்கூடாது.

சட்டம் போடுவது எளிது. அதற்குக் கட்டுப்படுவதில் அதிகம் கஷ்டப்பட்டவர் அக்காதான். புதியவர் ஒருவர் தட்டுத்தடுமாறிப் பேசும்போது அக்காவுக்கு நாக்கு துறுதுறுக்கும். அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பேச்சு தொடங்குமுன் ஓர் இஞ்சி மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வார். அது கரையும்வரை பேசுவதில்லை என்று ஒரு வைராக்கியம். "சிஸ்டர் மிட்டாய் போட்டாச்சு" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் தைரியமாகத் தொடங்குவார்களாம். அத்தான் சந்தைக்குப் போகும்போதெல்லாம் இஞ்சி மிட்டாய் வாங்கி வருவார். அது தனக்கு வாங்கியது என்று சொல்லி ஜெனி எடுத்துத் தின்பாள், வீட்டில் அதற்கொரு சண்டை நடக்கும்.

இந்தச் சட்டத்தை அக்கா ஆஸ்பத்திரியோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் எங்கள் பாடு. என் மகளைப் பெண் பார்க்க வந்தபோது, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அக்கா மிட்டாயை வாயில் போட்டுவிட்டு என் மகளுக்குக் கண்ணைக் காட்டினார். "எனக்கு அவியளைப் பிடிச்சிருக்கு. பேங்க் வேலைய விடமாட்டேன். மாற்றல் வந்தா போவேன்" என்று அவள் நேராகச் சொன்னாள். மாப்பிள்ளையின் மாமா கையில் இருந்த ரசவடை சாயாவில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளையின் தங்கை, "எனக்கும் இப்பிடி ஒரு மதினிதான் வேணும்" என்றாள். கல்யாணம் நடந்தது. இன்று என் மகள் ஒரு கிளைக்கு மேலாளர். மருமகன் அவள் மாற்றலாகிப் போன ஊருக்கெல்லாம் கூடவே போய், அங்கங்கே நல்ல சாப்பாட்டுக் கடை எது என்று எனக்குப் போன் செய்கிறவர்.

காலப்போக்கில் அக்கா அந்த ஆஸ்பத்திரியின் மேட்ரன் ஆனார். தனி அறை கிடைத்தது, கதவில் பலகையும் மாட்டினார்கள். பலகையை மாட்ட ஸ்க்ரூ என் கடையில்தான் வாங்கினார்கள், நான் காசு வாங்கவில்லை. அன்று அக்கா அந்தப் பலகையின் முன்னால் நின்று என்னைப் படம் எடுக்கச் சொன்னார். அது இந்த மலரின் அட்டையில் இருக்கிறது.

ஓய்வு பெறும் காலம் நெருங்கியபோது ஒரு சிக்கல் வந்தது. அடுத்த மேட்ரனை எங்கிருந்து எடுப்பது என்று நிர்வாகக் குழுவில் பேசினார்கள். வெளியிலிருந்து ஆண் மேலாளர் ஒருவரைக் கொண்டுவந்து நர்சுகளுக்குத் தலைமையாக வைக்கலாம் என்பது பலருடைய எண்ணம். செயலாளர் நல்ல மனிதர், அக்காவிடம் மரியாதை உள்ளவர். அவரே, "பிள்ளைய எல்லாரும் நல்லா வேலை பாப்பாவ மேட்ரன். ஆனா முடிவு எடுக்க ஒரு ஆளு வேணும்லா" என்றார். இல்லையென்றால் அக்காவே பதவி நீட்டிப்பு வாங்கிக்கொண்டு தொடரட்டும் என்றார்கள்.

அக்காவுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். தனக்குப் பின் அந்த நாற்காலியில் தன்னோடு வேலை பார்த்த நர்சுகளில் ஒருவர் உட்கார வேண்டும். அந்த ஒருவர் புஷ்பம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "என்னய யாரு கேட்டா" என்ற அதே புஷ்பம் அதற்குள் மேல்படிப்பு முடித்து, மூன்று வார்டுகளுக்குப் பொறுப்பாக வளர்ந்திருந்தார். ஆனால் அவர் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே பேசுவார்.

அக்கா திடீர் திடீரென்று லீவு போட ஆரம்பித்தார். போனை வீட்டில் வைத்துவிட்டு என் கடையில் வந்து உட்கார்ந்துகொள்வார். கடையில் இருந்தால் சும்மா இருப்பாரா? பிரஷ்களை அளவுப்படி அடுக்கினார், வாடிக்கையாளர்களிடம் சுவருக்கு என்ன நிறம் வேண்டும் என்று வீட்டில் பெண்களைக் கேட்டீர்களா என்று விசாரித்தார். பாதிப்பேர் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார்கள். கணக்கு பார்க்க மட்டும் கடைக்கு வந்துபோன என் மனைவியிடம், "கொள்முதலுக்கு நீயே ஏன் போவாத?" என்று கேட்டு அவளைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான். இன்று குலசேகரத்தில் எங்கள் இரண்டாவது கடையை மனைவி நடத்துகிறாள். அங்கேதான் லாபம், அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும் என்று அவள் உத்தரவு.

அப்படி ஒருநாள் அக்கா கடையில் இருக்கும்போது புஷ்பம் தேடிக்கொண்டு வந்தார்.

"சிஸ்டர், நீங்க எக்ஸ்டென்ஷன் வாங்குங்க. என்னால ஆவாது. கமிட்டியில எல்லாம் போயி நின்னு பேச எனக்கு வராது."

அக்கா மிட்டாயைப் போட்டுக்கொண்டார். புஷ்பம் பேசினார், அழுதார், மறுபடி பேசினார். மிட்டாய் கரைந்ததும் அக்கா, "நேத்து பிரசவ வார்டுல ரெண்டு பேரு வரல்லன்னு கேட்டேன். ஷிப்ட யாரு சரி பண்ணினா?" என்றார்.

"நான்தான்."

"என்கிட்ட ஏன் கேக்கல்ல?"

"நீங்க லீவுல்லா சிஸ்டர்."

"இனி எனக்கு எப்பமும் லீவுதான்னு வச்சுக்க. போ, சாயா குடிச்சிட்டு வேலையப் பாரு."

புஷ்பம் போன பிறகு அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. "ஏலே, எனக்கு அந்த எக்ஸ்டென்ஷன் மேல ஆசை இல்லாம இல்ல பாத்துக்க. காலையில யூனிபார்ம் போடாம நான் என்ன செய்யப்போறேன்னு எனக்குத் தெரியல்ல. ஆனா நான் இருக்கது வரைக்கும் அவ என் மொகத்தப் பாத்துட்டேதான் நிப்பா" என்றார். அத்தான் காலமாகி அதிக நாள் ஆகாத நேரம் அது. வீட்டில் அக்கா தனியாகத்தான் இருந்தார். அவர் விட்டுக்கொடுத்தது எவ்வளவு பெரியது என்று எனக்கு அன்று நன்றாகவே புரிந்தது. எனக்கும் அழுகை வந்தது, கல்லாப்பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குழுக் கூட்டத்தில் நடந்ததை அக்கா எங்கள் வீட்டில் நடித்தே காட்டுவார். ஒவ்வொரு முறை நடிக்கும்போதும் அது கொஞ்சம் நீளும். புஷ்பத்திடம் கேட்டு, கூடுதலை எல்லாம் கழித்துவிட்டு இங்கே எழுதுகிறேன். செயலாளர் மரியாதைக்காக முதலில் அக்காவின் கருத்தைக் கேட்டிருக்கிறார். "நான் கடைசியில சொல்லுதேன் ஐயா" என்று சொல்லிவிட்டு அக்கா மிட்டாயைப் போட்டுக்கொண்டார். செயலாளர் புஷ்பத்தின் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு டாக்டர்மாரு ரெண்டு விதமா சொன்னா நீ என்ன செய்வ?"

"ரெண்டு பேரையும் ஒரு ரூமில இருத்தி சாயா குடுப்பேன் ஐயா. ஒரே முடிவா எடுத்துட்டு வெளிய வாங்கன்னு கதவச் சாத்துவேன்."

"உள்ள சண்ட போட்டா?"

"போடட்டும் ஐயா. நோயாளிக்கு முன்னால போடாண்டாம்."

"ராத்திரியில ஒரு பிரச்சினை வந்தா பொம்பளையளா நீங்க எப்பிடி சமாளிப்பிய?"

"ராத்திரி இங்க இருக்கது நாங்கதான ஐயா? இவ்வளவு நாளும் யாரு சமாளிச்சான்னு நினைச்சிய?"

அதைச் சொல்லும்போது புஷ்பம் அக்காவின் பக்கம் திரும்பியே பார்க்கவில்லையாம். அக்காவுக்கு அதுதான் பெரிய சந்தோஷம். செயலாளர் சிரித்துவிட்டு, "இப்பம் நீங்க சொல்லுங்க மேட்ரன்" என்றார். பாதி மிட்டாய் வாயில் இருக்க, அதைக் கடித்து விழுங்கிவிட்டு அக்கா, "எனக்குச் சொல்ல ஒண்ணும் மிச்சமில்ல ஐயா" என்றார். கதவில் பலகை மாறியது. அதற்கான ஸ்க்ரூவுக்கும் நான் காசு வாங்கவில்லை.

ஓய்வுக்குப் பிறகு அக்கா வீட்டில் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமைகளில் அவர் வீட்டு முன்னறையில் பெண்கள் கூடுவார்கள். பதவி உயர்வுக்குத் தயாராகிற நர்சுகள், சபைப் பெண்கள் சங்கத்தார், ஒரு பஞ்சாயத்து உறுப்பினர் என்று பலரும் வருவார்கள். அந்த உறுப்பினருக்காக எல்லா இடத்திலும் அவருடைய கணவர்தான் பேசுவார். அக்கா அவரை, "தம்பி கடையில போயி இருங்க, அவ பேசிட்டு வருவா" என்று என்னிடம் அனுப்பிவிடுவார். அவருக்காக நான் கடையில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்தேன். நாளடைவில் அவர் வருவது நின்றது, அந்த அம்மா மட்டும் தனியாக ஸ்கூட்டரில் வந்தார்.

கடைசி மாதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது அது முற்றியிருந்தது. ஆபரேஷன் செய்து பார்க்கலாம், பலன் குறைவு என்றார் டாக்டர். அக்கா வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியின் ஓர் அறையில் நாங்கள் கூடி நின்றோம். திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அண்ணன் ஆம்புலன்சுக்குப் போன் போடவே ஆரம்பித்துவிட்டார். நான் வேறொரு இடம் சொன்னேன். ஆளுக்கு ஆள் குரல் உயர்ந்தது. கட்டிலில் படுத்திருந்தவரை யாரும் பார்க்கவில்லை.

கதவு திறந்தது. மேட்ரன் புஷ்பம் உள்ளே வந்தார். எங்களைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். தன் யூனிபார்ம் பையிலிருந்து ஓர் இஞ்சி மிட்டாயை எடுத்து, காகிதம் பிரித்து, அக்காவின் வாயில் வைத்தார். பிறகு எங்களிடம், "சின்னவியள்ல இருந்து வாங்க" என்றார்.

மஸ்கட்டில் பார்க்கும் வேலைக்கு லீவு போட்டு வந்திருந்த ஜெனிதான் அங்கே இளையவள். பெரிய மாமா முடிவு செய்துவிட்டார் என்று அதுவரை வாய் திறக்காமல் நின்றவள். "அம்மாவ எங்கயும் கொண்டுபோவாண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோவோம். எனக்கு அம்மாகூட இருக்கணும்" என்று சொல்லி அழுதாள். அடுத்து நான். அவள் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் திருப்பிச் சொல்லக்கூடாது என்பது சட்டமாயிற்றே? "வீட்டுல கட்டிலுக்கு முன்னால ஜன்னல் வரது மாதிரி மாத்திப் போடுதேன்" என்றேன். அண்ணன் போனைச் சட்டைப்பையில் போட்டார். "நான் பைபிள் வாசிச்சுக் குடுக்கேன்" என்றார்.

நாங்கள் எல்லோரும் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மிட்டாய் கரைய நேரம் எடுத்தது.

"ஆட்டும்," என்றார் அக்கா. "வீட்டுக்குப் போவோம். ஆனா ஞாயித்துக்கிழமை மணவாளக்குறிச்சியில இருந்து நல்ல மீனு வரணும். எனக்குத் திங்க முடியலன்னாலும் வாசம் வரட்டும்."

அந்த வாரங்களில் அக்கா வீட்டில் அழுகையைவிடச் சிரிப்புதான் அதிகம் கேட்டது. நர்சுகள் முறைவைத்து வந்தார்கள். ஜெனி தாயை விட்டு நகரவில்லை. மீன் வாசம் குறையாமல் வந்தது. ஒரு விடியற்காலையில், மகள் கையைப் பிடித்திருக்க, அக்கா அமைதியாக ஆண்டவரிடம் சென்றார்.

அடக்க ஆராதனைக்கு ஆஸ்பத்திரியே திரண்டு வந்துவிட்டது. "வார்ட யாரு பாக்குதா?" என்று நான் புஷ்பத்திடம் கேட்டேன். "இந்த வருசம் சேந்த பிள்ளைய பாக்குது. நானும் போனை வீட்டுல வச்சிட்டு வந்திருக்கேன்" என்றார். அக்கா இருந்தால் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார், இந்தப் பதிலுக்குத்தான் சந்தோஷப்பட்டிருப்பார்.

அக்காவின் நோய்க்காலத்தில் வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், மேட்ரன் புஷ்பத்துக்கும், முறைவைத்து வந்த ஒவ்வொரு நர்சுக்கும், வீடு தேடி வந்து ஜெபித்த போதகருக்கும் சபையாருக்கும், பந்தலும் நாற்காலியும் கேட்காமலே கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், மீன் கொண்டுவந்த அத்தான் வீட்டாருக்கும், தூரத்திலிருந்து வந்தவர்களுக்கும், வர முடியாமல் போனில் அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்றைய நினைவு ஆராதனைக்கு நர்சுகள் எல்லோரும் அந்தப் பழைய ரப்பர் ஷீட் நிறத்தில் சேலை எடுக்கலாமா என்று கூட்டம் போட்டுக் கேட்டார்களாம். புதிதாகச் சேர்ந்தவர் முதலில் எழுந்து, "வேண்டாம் மேட்ரன், அந்த நிறம் சகிக்காது" என்றாராம். அவரவர்க்குப் பிடித்த நிறத்தில் வருகிறார்கள்.

இதற்கு அடுத்து அண்ணன் எழுதுகிறார். மலரின் கடைசிப் பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்து அச்சகத்துக்காரர், "பாட்டு ஏதாவது போட்டு நிரப்பட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அது அக்காவுக்கு. நாங்கள் எல்லோரும் பேசி முடிக்கட்டும், மிட்டாய் கரையட்டும்.

இளைய தம்பி
அருமனை